ஐந்தே முக்கால் அடியில் நின்றுபோன வெள்ளம்

சோதனை ஷெட்டின் கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மழை பெய்தால் தண்ணீர் நேராக மேசை மேலேயே சொட்டுகிறது, அதை அடைத்துவிடலாமா என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டீர்களாம். ஏழுமலை போனில் சொன்னார். கேள்வி நியாயமானதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான், கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஓட்டையைப் போட்டவள் நான். தகரத்தை வெட்ட ஆள் கூட்டி வந்து, அவருக்கு ஏணி பிடித்தவளும் நானே. எதற்காக என்று யாரிடமும் சொல்லாமல் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன், அது என் தப்பு. இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டமங்கலத்துக்காரி. காலை பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிப்பது, மாலை பஸ்ஸில் திரும்புவது என்று என் பாதி வயது அதிலேயே போனது. பிறகுதான் திண்டிவனத்தில் இந்தச் சின்னக் கம்பெனிக்கு வந்தேன். "அந்த அம்மா கையில் போர்டைக் கொடுத்தால் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் திருப்பித் தராது" என்று என்னைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, அதில் கொஞ்சம் மிதந்துகொண்டே இருந்தேன். இந்தக் கதையில் பாதி அதனால் வந்த வினை.

நாம் செய்யும் வெள்ள எச்சரிக்கைப் பெட்டி உங்களுக்குத் தெரியும். அப்போதும் அதே வேலைதான். தண்ணீருக்குள் இருக்கும் உணரி, மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதற்குத் தக்கபடி துளியூண்டு வோல்டேஜ் தரும். அதை ஆப்-ஆம்ப் என்கிற சின்னச் சில்லு பெரிதாக்கும். பெரிதானதை வானொலி அலையில் அனுப்பும் டிரான்சீவர் வாங்கிக்கொண்டு ஊருக்குச் சொல்லும். சிக்கல் அந்த இரண்டு பேருக்கும் நடுவில். ஆப்-ஆம்ப்புக்கு அந்த நாளில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்திருந்தோம். அதற்கு வெறி பிடித்தால் பதினொரு வோல்ட் வரை கத்தும். டிரான்சீவர் பூஞ்சை உடம்பு, மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல் அதன் காது தாங்காது. பத்தடித் தண்ணீருக்குச் சரியாக மூன்று வோல்ட் வருகிற மாதிரி கணக்குப் போட்டிருந்தேன். பத்தடிக்கு மேல் அந்த ஆற்றில் தண்ணீர் வராது, ஆகவே மூன்று வோல்ட்டுக்கு மேல் போகாது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது.

முதல் அடி எலியால் விழுந்தது. கெடார் பக்கத்தில் ஒரு தரைப்பாலத்துக்காக நாம் வைத்த பெட்டி ஒரு நாள் ஊமையாகிவிட்டது. பெட்டிகளை ஊர் ஊராகப் போய்ப் பொருத்துகிறவர் ஏழுமலை. அவருக்குச் சொந்த ஊரும் கெடார்தான். கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"எலி ஒயர கடிச்சிட்டிருக்குது மேடம். ஒயர மாத்திட்டேன். அப்பவும் உயிர் வரல" என்றார்.

உணரியின் வயர் அறுந்ததும் ஆப்-ஆம்ப்புக்கு எதைப் பெரிதாக்குவதென்று தெரியவில்லை. தன்னால் முடிந்த உச்சத்துக்குப் போய்ப் பதினொரு வோல்ட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. டிரான்சீவர் செத்துப்போனது.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆப்-ஆம்ப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தையே மூன்று புள்ளி மூன்றாகக் குறைத்திருக்க வேண்டும். கொடுத்ததற்கு மேல் அதனால் கத்த முடியாது. ஆனால் அதற்கு வேறு ஆப்-ஆம்ப் வேண்டும், போர்டை மறுபடி வரைய வேண்டும், ஐப்பசி வேறு பிறந்துவிட்டது. பன்னிரண்டு பெட்டிகள் பன்னிரண்டு ஊரில் மழைக்குக் காத்திருக்கின்றன. நான் குறுக்கு வழியில் போனேன். பன்னிரண்டு பெட்டியிலும், ஆப்-ஆம்ப்புக்கும் டிரான்சீவருக்கும் நடுவில் ஒரு பெரிய ரெசிஸ்டரையும் ஒரு ஜீனர் டயோடையும் வைத்தேன். மூன்று புள்ளி மூன்றைத் தாண்டினால் அதிகப்படியை இந்த டயோடு தரைக்கு இறக்கிவிடும் என்பது பாடம். அதுவரை அது சும்மா இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியாயிற்று என்று நிம்மதி.

மாற்றிய பெட்டியைச் சோதித்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அங்கேதான் இந்தக் கூரை வருகிறது. டயோடு இல்லாத பழைய பெட்டியைச் சோதித்தபோது வெயில் காலம். பத்தடிக் குழாயை ஷெட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, மேலே ஏறி நின்று முழுக்க நிரப்பிப் பார்த்தோம். இந்த முறை வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் கூரை உயரம் ஏழடி. மேலே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்க்கவும் இடம் வேண்டும். ஆகவே குழாயை வெட்டி ஐந்தடிக்கு மட்டும் தண்ணீர் நிரப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி, எல்லாம் சரியாகக் காட்டியது. ஐந்தடியில் மட்டும் ஒரு அங்குலம் குறைவாகக் காட்டியது.

அந்த ஒரு அங்குலத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அடுத்தவர் போர்டில் அது வந்திருந்தால் "ஏன்" என்று குடைந்து எடுத்திருப்பேன். என் போர்டு என்பதால் அளவைத் திருத்தும் திருகாணியைக் கால் சுற்றுத் திருகி, ஐந்தடிக்கு ஐந்தடி காட்ட வைத்தேன். மீதி ஐந்தடிக்கும் இதே கோடு நேராகப் போகும் என்று காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். 'பத்தடி வரை சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிறத்தியாருக்கு எத்தனையோ தடவை சொன்ன வாய் இது.

அடுத்து வந்த இரண்டு மழையிலும் பெட்டி சொன்னது சொன்னபடி நடந்தது. மூன்றடி என்றால் மூன்றடி, நாலரை என்றால் நாலரை. கெடார் பக்கத்து ஊரில் "பொட்டி சொன்னா சரி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டி இருந்தது தரைப்பாலத்தில் இல்லை, அதற்கு மேலே ஆற்றோரம் ஒரு கம்பத்தில். கம்பத்தைத் தாண்டிய தண்ணீர் பாலத்துக்கு வந்துசேர அரை மணி நேரம் ஆகும். கம்பத்தில் ஆறரை அடி காட்டினால் பாலத்தில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் விடலாம். இதுதான் ஊரோடு நாங்கள் பேசி வைத்த ஏற்பாடு. பெட்டி அனுப்பும் எண் பாலத்தோரம் ஒரு சின்னத் திரையில் தெரியும், அதே எண் திண்டிவனத்தில் என் மேசைத் திரைக்கும் நிமிடத்துக்கு ஒரு முறை வரும்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. இரண்டு நாள் நிற்காமல் அடித்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். ஷெட்டில் நானும் முதலாளியும் மட்டும் இருந்தோம். பன்னிரண்டு பெட்டிகளின் எண்களையும் பார்த்துக்கொண்டே பகல் போனது. மற்ற பதினொரு இடத்தில் தண்ணீர் நாலடியைத் தாண்டவில்லை. கெடார் கம்பத்தில் மட்டும் ஒன்றரை மணிக்கு நாலடி, இரண்டு மணிக்கு ஐந்தடி, இரண்டேகாலுக்கு ஐந்தரை. அடுத்த கால் மணியில் ஆறரையைத் தொடும் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தொடவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றுவிட்டது. அப்பாடா, வேகம் குறைந்துவிட்டது என்று முதலாளி டீ போடப் போனார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் மேலே ஏழுமலையிடமிருந்து போன். காற்றிலும் மழையிலும் பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது.

"மேடம், தரைப்பாலத்தாண்ட நிக்கறேன். உங்களுக்குப் பொட்டி இன்னா காட்டுது?"

"அஞ்சே முக்கால். அங்க?"

"இங்கயும் அதேதான். அரமணி நேரமா அதையேதான் காட்டிக்கினு இருக்குது. முன்கூட்டியே கட்டி வெச்ச கயித்த அவுக்கலாமான்னு தலையாரி கேக்கறாரு. ஒரு வேன் வந்து நிக்குது மேடம். உள்ள ஒரு பொண்ணு பிரசவ வலில துடிச்சிக்கினு இருக்குது. தலப் பிரசவம். பாலத்தத் தாண்டிட்டா இருவது நிமிசத்துல விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி. சுத்திக்கினு போனா ஒன்ற மணி நேரம் ஆவும்."

"பாலத்து மேல இப்ப தண்ணி எவ்வளவு?"

"கணுக்கால் அளவுதான். பயமாத் தெரியல. பொட்டியும் ஏறலன்னுதான சொல்லுது. உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, உட்டுறலாம்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அவர் குரலுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் சத்தம் கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை, வெறும் சத்தம். நானும் பிள்ளை பெற்றவள், அது எந்தக் கட்டத்துச் சத்தம் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி டீ டம்ளரோடு வந்து நின்றார். "சொல்லுங்க மேடம். நம்ம பொட்டி இருக்கறதே இதுக்குத்தான" என்றார்.

'விடுங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன். என்னைத் தடுத்தது அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது வெறும் பழக்கம். பத்து இருபது வருடம் மீட்டரையே பார்த்த கண், பேசும்போதும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் கடைசி இருபத்தைந்து நிமிடத்தின் எண்கள் வரிசையாக இருந்தன. ஐந்தே முக்கால். ஐந்தே முக்கால். ஐந்தே முக்கால். ஒரு அங்குலம் கூட மேலே இல்லை, கீழே இல்லை.

ஆற்றுத் தண்ணீர் அப்படி நிற்காது. ஏறாவிட்டாலும் அலையடிக்கும். ஒன்றரை மணிக்கு வந்த எண்களைப் பார்த்தேன். நாலடியைச் சுற்றி இரண்டு அங்குலம் கூட, இரண்டு அங்குலம் குறைய என்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு ஆட்டம் ஒரு அங்குலமாகச் சுருங்கியிருந்தது. இரண்டரைக்கு மேல் ஆட்டமே இல்லை. அப்படியென்றால் நின்றது தண்ணீர் இல்லை. நம் பெட்டி.

அந்த ஒரு அங்குலம் மண்டையில் வந்து அறைந்தது. ஐந்தடியில் நான் திருகி மறைத்தேனே, அது. காவல்காரன் மூன்று புள்ளி மூன்று வோல்ட் வரும்வரை சும்மா இருக்கவில்லை. அதில் பாதி வந்ததுமே கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு ஒழுகவிட ஆரம்பித்திருக்கிறான். தண்ணீர் ஏற ஏற அவன் விழுங்குவதும் ஏறியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இனி ஏழடி வந்தாலும் ஒன்பதடி வந்தாலும் இந்தப் பெட்டி ஐந்தே முக்கால் என்றுதான் சொல்லும்.

இப்போது நான் செய்த இரண்டாவது தப்பைச் சொல்கிறேன், இதுதான் முதலாவதைவிட மோசம். "ஏழுமலை, ரெண்டு நிமிஷம் இருங்க" என்றேன். உதிரி போர்டை எடுத்து வோல்டேஜ் கொடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். சந்தேகம்தானே, நிரூபணம் இல்லையே. என் கையெழுத்துப் போட்ட பெட்டி பொய் சொல்கிறது என்று நிரூபணம் இல்லாமல் எப்படிச் சொல்வது? அலமாரியைத் திறந்து வயர் தேடினேன். சிவப்பு வயர் கிடைத்தது, கறுப்பு கிடைக்கவில்லை.

"இன்னா மேடம் தேடறீங்க?" என்றார் முதலாளி.

சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு, போனுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார். "நம்ம பொட்டி தப்புன்னு நாமளே சொன்னா பன்னெண்டையும் கழட்டிக்கினு போன்னுவாங்க. ஒரு வேள தப்பா இல்லாம இருந்தா? அந்தப் பொண்ண ஒன்ற மணி நேரம் அலைய உட்ட பாவம் நம்மள சும்மா உடுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சுற்றிப் போகிற வழியில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால் ஆனது. பாலத்தில் ஆனால் பெட்டியால் ஆனது. கணக்கு அப்படித்தான் மனதில் ஓடியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போது போனில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. "யோவ், நில்லுய்யா! மேடம் இன்னும் சொல்லல" என்று ஏழுமலை கத்தினார். "கணுக்கால் தண்ணிக்கு எவ்ளோ நேரம்யா நிக்கறது? உள்ள உயிர் போவுது" என்று டிரைவர் திருப்பிக் கத்தினார்.

வயரைக் கீழே போட்டேன். "ஏழுமலை! விடாதீங்க! பொட்டி பொய் சொல்லுது! தண்ணி ஏறிடுச்சு, அரை மணிக்கு முன்னாடியே ஏறிடுச்சு! இப்ப பாலத்துக்கு வரும்!" என்று அலறினேன்.

"இன்னா மேடம்? பொட்டி..."

"பொட்டிய நம்பாதீங்க! என்னை நம்புங்க! நிறுத்துங்க!"

"ஜல்தி சுத்திக்கினு போவச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க! இப்பவே!"

பிறகு இரைச்சல், யாரோ திட்டுவது, இரும்பு உரசுகிற சத்தம். லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. டவர் விழுந்துவிட்டதோ என்னவோ.

கறுப்பு வயர் மேசைக்கு அடியில்தான் கிடந்தது. எடுத்து உதிரி போர்டில் மாட்டினேன். ஏழடிக்கான வோல்டேஜ் கொடுத்தேன், ஐந்தடி எட்டங்குலம் காட்டியது. ஒன்பதடிக்குக் கொடுத்தேன், ஐந்தடி ஒன்பது. பத்தடிக்கு, ஐந்தடி பத்து. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே போனை எடுத்து, மீதி பதினொரு ஊருக்கும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "அஞ்சடிக்கு மேல பொட்டி சொல்றத நம்பாதீங்க, தப்பு எங்களுது" என்று சொன்னார். அதற்கு முன்பும் பின்பும் அந்த மனிதரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பதினொரு போன்களுக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

நான் உட்கார்ந்து அழுதேன். நிறுத்தியது சரி என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் நேரத்துக்குச் சொன்னேனா என்று தெரியாது. வயர் தேடிய அந்த இரண்டு நிமிடத்தில் வேன் பாலத்தில் இறங்கியிருந்தால்? நின்றிருந்தாலும், சுற்றுவழியில் அந்தப் பெண் தாங்குவாளா? ஒன்றரை மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லை. ஐந்தே முக்கால், ஐந்தே முக்கால் என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து போன். ஏழுமலைதான்.

"மேடம், வேன் முன் சக்கரம் பாலத்துல இறங்கிடுச்சு. பேச்சு கேக்கல அந்தாளு. என் பைக்க குறுக்கப் போட்டுட்டு முன்னாடி நின்னுட்டேன். அவன் எறங்கி வந்து என் சட்டயப் புடிச்சான். புடிச்சிக்கினு இருக்கும்போதே வந்திடுச்சு மேடம். செவப்பா, சுருட்டிக்கினு. ரெண்டு பேரும் ஓடி வந்து வேன பின்னால தள்ளினோம். பைக்கு போயிடுச்சு."

"அந்தப் பொண்ணு?"

"இப்பதான் டிரைவர் போன் பண்ணாரு. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போதே பொறந்திடுச்சாம். பொம்பளப் புள்ள. ரெண்டும் நல்லா இருக்குதாம்." பிறகு கேட்டார். "பொட்டில இன்னா மேடம் கோளாறு? எலியா?"

"இல்ல ஏழுமலை. நான்தான்" என்றேன்.

பைக் மூன்று நாள் கழித்து, இரண்டு மைல் கீழே, ஒரு வேலிக்காத்தான் புதரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் ஏழுமலை அதைத்தான் ஓட்டுகிறார். ஹாரன் ஏன் அப்படிக் கமறுகிறது என்று நீங்கள் கிண்டல் செய்வீர்களாம். இனிமேல் செய்யாதீர்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் டயோடைத் தூக்கிவிட்டு, ஆப்-ஆம்ப்பை மாற்றி, அதற்கும் மூன்று புள்ளி மூன்றையே கொடுத்துவிட்டு, பேசாமல் இருந்திருப்பேன். கூரையில் கை வைத்திருக்க மாட்டேன். கை வைக்க வைத்தவர் அந்தப் பெண்ணின் மாமியார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், மஞ்சள் பை நிறைய அவித்த மல்லாட்டையோடு, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், ஏழுமலையுடன் வந்து இறங்கினார். களைக்கும் அறுப்புக்கும் போகிற அம்மா, காய்த்துப்போன கை. அந்தக் கையால் மேசை மேலிருந்த பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தப் பொட்டிதாம்மா எங்க ரெண்டு உசுரக் காப்பாத்திச்சு" என்றார். முதலாளி முகத்தில் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நடந்ததை அவர் சொல்லவில்லை, அது என் வேலை என்று விட்டிருக்கிறார்.

மல்லாட்டை சூடாக இருந்தது. வாங்கிக்கொண்டு, நல்லா இருங்கம்மா என்று அனுப்பியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

"இல்லம்மா" என்றேன். "பொட்டி காப்பாத்தல. பொட்டி சொன்னதக் கேட்டிருந்தா உங்க மருமக ஆத்துல போயிருப்பா. ஏழுமலைதான் குறுக்க நின்னாரு. பொட்டி தப்பாக் காட்டிச்சு, அத அப்படிச் செஞ்சது நான்."

அந்த அம்மா கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். "தெரிஞ்சேவா எங்க ஊர்ல கொண்டாந்து வெச்ச?"

"தெரியாதும்மா. அஞ்சடி வரைக்கும்தான் தண்ணி ஊத்திப் பாத்தேன்."

"மீதிய ஏன் பாக்கல?"

எனக்கு எத்தனையோ பதில் இருந்தது. மழை, அவசரம், பன்னிரண்டு பெட்டி. வாயில் வந்தது உண்மையான பதில். "இதுக்கு மேல குழாய் வெச்சா கூர இடிக்குது."

அவர் தலையைத் தூக்கி நம் தகரக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"எங்க ஊரு ஆத்துக்குக் கூர இருக்குதா?"

அவர் மல்லாட்டைப் பையை மேசையில் வைத்தார், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "புள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. அடுத்த மழைக்குள்ள ஒழுங்காப் பண்ணி வையி. தண்ணி திரும்ப வரும், அது எங்கியும் போவாது" என்றார். ஏழுமலையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தகரம் வெட்டுகிறவரைக் கூட்டி வந்தேன். பத்தடிக்குப் பதில் பன்னிரண்டடிக் குழாயாக வாங்கினேன். அன்றிலிருந்து, ஒரு திருகாணியை மாற்றினாலும், ஒரு வயரை மாற்றினாலும், மழையென்றாலும் வெயிலென்றாலும், பெட்டி அந்தக் குழாயின் உச்சி வரைக்கும் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டியது. உச்சியில் தண்ணீர் ஊற்றக் கூரை மேல் ஏற வேண்டும். எனக்கு மூட்டுவலி வந்ததே அதில்தான். ஓய்வு பெறுகிற வாரம் வரை ஏறினேன்.

எண்ணில் சின்ன வித்தியாசம் வந்தால் திருகி மறைக்காதீர்கள், ஏனென்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு வயர் தேடுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும், நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் படித்தவள்தான். அதனால்தான் இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டாமல், கூரையில் ஓட்டை போட்டு வைத்தேன்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். தினமும் அந்தத் தரைப்பாலத்து வழியாகத்தான்.

ஓட்டையை அடைக்க வேண்டாம். மழைக் காலத்தில் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, கீழே ஒரு வாளி வையுங்கள்.